வியாழக்கிழமை மான்கள்

தன் வீட்டில் துவக்கு இருக்கிறது என்ற விஷயத்தைப் புவனேந்திரன் அண்ணை எனக்குச் சொன்னது, நான் கட்ஃபோர்ட் சந்திக்குள் மூன்றாவது கியரில் நுழைந்துகொண்டிருந்தபோது. அதற்கு முன் அவர் சொன்னது, கண்ணாடியைப் பாருங்கோ. அதற்குப் பின் சொன்னது, கியரைக் குறையுங்கோ. நடுவில், மனுசி மான் வேட்டைக்குப் போறவ, துவக்கு மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடக்கு என்றார். நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? ஒருத்தரும் குறுக்கை வரேல்லையே" என்றார் அவர்.

புவனேந்திரன் அண்ணை லண்டனில் லூயிஷாம் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்குக் கார் பழக்குகிறவர். பழகுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை என்பதுதான் காரணம். வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் நின்று கார்களை ஒழுங்காக நிறுத்த வைப்பார். பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவர். அவருடைய மனைவி நகுலேஸ்வரி அக்கா ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். இந்தக் கலியாணத்தை யார் பேசிச் செய்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. இருவரும் நோர்வேயில் ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். அக்கா மீனைக் கிழித்து முள்ளெடுப்பார். அண்ணை இரண்டு சோடிக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டிகளை மூடுவார். இரண்டு சோடி ஏன் என்று அக்கா ஒருநாள் கேட்டதில் தொடங்கியது.

நோர்வேயின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஊரில், செப்டம்பர் வந்தால் தொழிற்சாலையில் பாதிப் பேரைக் காணமுடியாது. எல்லாரும் மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள், பெண்கள் உட்பட. அக்காவுக்குப் பக்கத்து மேசையில் மீன் வெட்டிய இங்கெர் என்பவள், இப்படியே வீட்டுக்கும் வேலைக்கும் நடந்தால் உனக்கு எங்கள் பாஷை வராது என்று சொல்லி, வேட்டைக்காரர் பரீட்சைக்கான மாலை வகுப்பில் அக்காவைச் சேர்த்துவிட்டாள். அக்கா பாஷைக்காகத்தான் போனார். வேட்டைப் பரீட்சையில் முதல் தடவையே சித்தியடைந்தார். நோர்வேப் பாஷைப் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் சித்தியடைந்தார். இங்கெரின் துவக்கு இங்கெர் வீட்டிலேயே இருந்தது. அண்ணை அதைத் தொழிற்சாலைச் சுற்றுலா மாதிரி எடுத்துக்கொண்டார்.

மகள் தாரகாவின் படிப்பை யோசித்து இரண்டாயிரத்து இரண்டில் லண்டனுக்கு வந்தார்கள். இங்கே வந்து ஒரு வருடம் அக்கா வேட்டை பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாக்ஹீத் சந்தையில் பழம் வாங்கப் போனார். அங்கே டெரெக் என்ற தோட்டக்காரர் ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்தார். வயது எழுபதுக்கு மேலே. தோட்டம் ஓர்பிங்டன் தாண்டி, கென்ட் எல்லையில் ஒரு சரிவில். இந்த வருடம் ஏன் பழம் சின்னனாக இருக்கிறது என்று அக்கா கேட்டார். நல்ல பழம் தரும் புதுக் கன்றுகளையெல்லாம் மான் பட்டை உரித்துத் தின்றுவிட்டது என்று டெரெக் சொன்னார். வேண்டுமென்றால் நான் வந்து சுடுகிறேன் என்றார் அக்கா. டெரெக் அவரைப் பார்த்தார், கையில் இருந்த ஆப்பிள் பையைப் பார்த்தார். இதற்கு முன்னர் சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். அக்கா எத்தனை என்று சொன்னார். டெரெக் ஒரு ஆப்பிளைக் கூடுதலாகப் போட்டார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. இங்கெர் இங்கே இல்லை. துவக்கு வாங்கவேண்டும், அது வீட்டில் இருக்கவேண்டும்.

"துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு வந்தனாங்கள்" என்றார் அண்ணை.

"அது ஆக்களைச் சுடுற துவக்கு. இது மான் சுடுறது."

"துவக்குக்கு உது தெரியுமோ?"

சில வாரங்கள் இந்தக் கேள்வி வீட்டில் அப்படியே கிடந்தது. சாப்பிடும்போதும் கிடந்தது, தொலைக்காட்சி பார்க்கும்போதும் கிடந்தது. அண்ணைக்கு ஒரு தம்பி இருந்தார் என்றும் அவர் எப்படி இல்லாமல் போனார் என்றும் அக்காவுக்குத் தெரியும். அதனால் வற்புறுத்தவில்லை. கடைசியில் பேச்சை மறுபடி எடுத்தது அண்ணைதான், வேறு பக்கத்தால்.

"சிவன் கையிலை மானை வைச்சிருக்கிறார்" என்றார்.

"இடுப்பிலை புலித்தோலும் கட்டியிருக்கிறார்" என்றார் அக்கா. "அது தானாக் கழண்டு விழேல்லை."

அண்ணை இரண்டு நாள் யோசித்தார். பிறகு சம்மதித்தார், நிபந்தனைகளோடு. துவக்கு சாமியறைப் பக்கம் வரக்கூடாது. இறைச்சி சமையலறைக்குள் வரக்கூடாது. தன்னை ஒருநாளும் கூட வரச்சொல்லிக் கூப்பிடக்கூடாது.

லைசென்ஸ் கொடுக்குமுன் பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பது இங்கே வழக்கம். வாசலில் பொலிஸ் காரைக் கண்ட அந்தத் தெருவின் மூன்று தமிழ்க் குடும்பங்களும் போன் எடுத்தன. வக்கீல் வேண்டுமா என்று ஒரு வீட்டார் கேட்டார்கள். உள்ளே அந்த அதிகாரி இரும்பு அலுமாரி சுவரோடு சரியாக இறுக்கப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. அண்ணை தேநீரும் வடையும் கொடுத்தார். வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஏதாவது மனக்கஷ்டம் உண்டா என்று அதிகாரி அவரிடம் நேராகவே கேட்டார். இல்லை என்று அண்ணை சொன்னார். வடைக்குள் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். பருப்பு என்று அண்ணை சொன்னார்.

"பொலிசுக்கு முன்னாலை வேறை என்ன சொல்லுறது?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். இடதுபக்க இண்டிகேட்டர் போடச் சொல்லிவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் விட்டுவிட்டார்.

அக்காவுக்கு விடுமுறை வியாழக்கிழமை. ஆகவே அந்தக் குளிர்காலம் முழுவதும் வியாழன் விடியற்காலையில் தன் பழைய காரில் தோட்டத்துக்குப் போனார். அங்கே இருந்தவை ஃபாலோ என்ற சாதி மான்கள். வெயிற்காலத்தில் உடம்பில் புள்ளி போட்டுக்கொண்டு திரியும், குளிர்காலத்தில் அதை அழித்துவிட்டு மண்ணோடு மண்ணாக நிற்கும். மான் ஒரு ஒழுங்கில் வாழ்கிற மிருகம் என்று அக்கா சொல்வார். பகலில் காட்டின் நடுவில் படுத்திருந்து அசைபோடும். பொழுதுபட எழும்பி வெளியே வரும். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடியும்போது கடைசியாக ஒருமுறை வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்பும். போகிற வழியும் திரும்புகிற வழியும் தெரிந்தால் மிச்சம் பொறுமைதான்.

வழி தெரிந்துகொள்வது கஷ்டமாக இருக்கவில்லை. தோட்டத்துக்கு மேலே செஸ்நட் காடு. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பற்றைவேலி. அந்த வேலியில் மிருகம் நுழைகிற இடைவெளியாக மேலே ஒரு கடவை, கீழே ஒரு கடவை, இரண்டிலும் குளம்படி. முள்ளுக்கம்பியில் மயிர் சிக்கியிருந்தது. புழுக்கை மினுங்கிக்கொண்டு கிடந்தால் அன்றையது, காய்ந்து கிடந்தால் பழையது. டெரெக்கின் உதவியோடு ஓக் மரமொன்றில் பரண் கட்டினார். காற்று மான் பக்கத்திலிருந்து தன் பக்கம் வீசும்படியாக மரத்தைத் தெரிவுசெய்தார். மணம் போய்விடும் என்று புதன்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினார். வேட்டைச் சட்டையில் கறி வாசம் ஏறாமல் கொல்லைப்புறக் கொட்டிலில் தொங்கவிட்டார்.

மான் வரவில்லை. வியாழனுக்கு வியாழன் அக்கா பரணில் இருந்தார், மான் வரவில்லை. காட்டுக்கோழி வந்தது. ஒருநாள் யாருடையதோ நாய் வந்து பரணுக்குக் கீழே இருந்து அவரை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. நேற்றுக் காலை பன்னிரண்டு நின்றன என்று டெரெக் சொல்வார். அடுத்த வாரம் கேட்டால், வெள்ளிக்கிழமை காலை முழு மந்தையும் நின்றது என்பார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். அக்கா காற்றைக் குற்றம் சொன்னார், நிலவைக் குற்றம் சொன்னார், ஓக் விதைகள் உதிர்ந்து கிடப்பதைக் குற்றம் சொன்னார். பரணை வேறு மரத்துக்கு மாற்றினார். ஒருதரம் நல்ல பனியில் நெடுநேரம் இருந்துவிட்டு இறங்கியபோது கால் விறைத்து ஏணியிலேயே கொஞ்சநேரம் நின்றார். அன்று வீட்டுக்கு வந்து, நோர்வேயில் இருந்த புத்தி லண்டனுக்கு வரவில்லை போலே என்று மட்டும் சொன்னாராம். அண்ணை சூப் வைத்துக் கொடுத்தார்.

பெப்ரவரியில் அக்காவின் கார் வருடாந்தப் பரிசோதனையில் தோற்றது. திருத்த ஒரு வாரம் எடுக்கும் என்றார்கள். பெண்மானான பிணையைச் சுடக்கூடிய காலம் முடியுமுன் அந்த வியாழன்தான் கடைசி. அக்கா கேட்கவில்லை. புதன் இரவு சாப்பாட்டு மேசையில், விடிய எத்தனை மணிக்கு எழும்பவேணும் என்று அண்ணைதான் கேட்டார்.

இப்படியாக, கூரையில் பெரிய சிவப்பு எழுத்துப் பலகை வைத்த, பழகுகிறவர்களுக்கான கார் ஒன்று விடிகாலையில் டெரெக்கின் தோட்டத்துக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நுழைந்தது. கொல்லப்போகிற இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க அண்ணைக்கு மனமில்லை. தோட்டத்துக் கேற்றடியில் காரின் வேகத்தைக் குறைத்தார். இன்ஜினை நிறுத்தவில்லை.

"இறங்கும்" என்றார்.

அக்கா துவக்கு உறையோடு இறங்கிக் கதவைச் சாத்தி முடிக்குமுன் கார் நகர்ந்து, மேட்டில் இருந்த சேர்ச் பக்கமாக ஏறிப்போய்விட்டது. அதன் சத்தம் தேய்ந்து மறைந்தது. அக்காவுக்கு நல்ல கோபம். பரணுக்கு இன்னும் தோட்டம் முழுக்க நடக்கவேண்டும். துவக்கை உறையிலிருந்து எடுத்து, வேலியோடு ஒட்டி நின்று, கோபம் அடங்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தார். அந்த நேரத்தில் மேல்கடவையால் ஒரு மான் வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. பின்னால் மற்றவை. கார் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று அவை நினைத்தது அக்காவுக்கு அப்படியே தெரிந்தது.

ஒரே வெடி. ஓரமாக நின்ற இளம் பிணை நின்ற இடத்திலேயே விழுந்தது.

அதற்குப் பின் அக்கா ஈரப்புல்லில் அப்படியே குந்தினார். குளிர்காலம் முழுக்க நடந்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது. வியாழனுக்கு வியாழன் ஒரே கார் வரும். கேற்றடியில் இன்ஜின் நிற்கும். டிக்கி திறக்கும், டிக்கி மூடும். பிறகு காலடி. டெரெக்கின் டிராக்டர் வரும், போகும், அதனால் மான்களுக்கு அதில் பயமில்லை. இந்தக் கார் வந்தால் போகாது. அதனால் இது நின்றவுடன் அவை மறுபக்கத்தால் காட்டுக்குள் போய்விடும். அக்கா பரணில் ஏறி இருக்கும்போது தோட்டம் எப்போதோ காலியாகியிருக்கும்.

அண்ணை திரும்பி வந்தபோது காரைவிட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார்.

"சத்தம் கேட்டது" என்றார்.

"ஓம்."

"கஷ்டப்பட்டதோ?"

"இல்லை. உடனை."

"அப்ப சரி" என்றார்.

மானை டெரெக் டிராக்டரில் ஏற்றித் தன் குளிர் அறைக்குக் கொண்டுபோனார். திரும்பும் வழியில் அக்கா நடந்ததை விளங்கப்படுத்தினார். இவ்வளவு நாளும் தான் மானின் நடமாட்டத்தைப் படிப்பதாக நினைத்திருந்ததாகவும், மான் தன்னுடையதைப் படித்து முடித்துவிட்டதாகவும் சொன்னார். இந்த விஷயம் அண்ணைக்கு உடனே பிடிபட்டது. எந்தப் பரீட்சகர் எந்தக் கிழமை எந்தத் தெருவால் கொண்டுபோவார் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அவருடைய தொழிலில் பாதி. அடுத்த நவம்பரில் பருவம் தொடங்கியபோது அவர் மூன்றாவது நிபந்தனையைத் திருத்தினார். கொண்டுபோய் விடுவேன், நிற்கமாட்டேன் என்றார். நிற்காமல் போவதுதான் தனக்கு வேண்டியது என்றார் அக்கா. அப்படியென்றால் கொலையில் தனக்குப் பங்கு இருக்கிறதா இல்லையா என்று அண்ணை வெகுநேரம் யோசித்தார். முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் வியாழன் விடியற்காலையில் எழும்பி ஃபிளாஸ்கில் தேநீர் ஊற்றினார்.

சேர்ச் மதிலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிப்பார். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் முழுச் சரிவும் தெரியும், அவ்வளவுதான். பள்ளிக்கூட பஸ் போன பிறகுதான் மந்தை காட்டோரம் வருகிறது என்று கண்டார். மெல்லிய பனிப்புகார் கிடக்கிற நாளில் கீழ்க்கடவையால் வருகின்றன, வெளித்த நாளில் மேல்கடவையால். கிழக்கிலிருந்து காற்றடித்தால் எழும்புவதே இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் காது கிழிந்த ஒரு கிழட்டுப் பிணை வரும். கடவையில் நிற்கும், இரண்டு பக்கமும் பார்க்கும், பிறகுதான் கடக்கும். அது கடந்தால் மற்றவை கடக்கும். எங்களுக்குப் படிப்பிக்கும்போது அதை உதாரணம் காட்டத் தொடங்கினார். சந்தியில் நிற்காமல் போன, எங்களோடு பழகிய சுலோச்சனாவுக்கு, மான்கூட நிண்டு பாத்துத்தான் போகுது என்றாராம். அவள் அழுதுவிட்டாள்.

இதையெல்லாம் அக்காவிடம் அண்ணை சொன்னார். "நான் பாத்ததைச் சொல்லுறன். அதுக்குமேலை எனக்குத் தெரியாது" என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொண்டார். பிறகு போனில் மிஸ்ட் கோல் கொடுக்கத் தொடங்கினார். ஒருதரம் அடித்தால் மேல்கடவை, இரண்டுதரம் அடித்தால் கீழ்க்கடவை. அக்காவின் உள்ளங்கைக்குள் போன் சத்தமில்லாமல் துடிக்கும். டெரெக்கின் கன்றுகள் அந்த வருடம் பட்டையோடு நின்றன. அக்கா இறைச்சியைக் கொல்லைப்புறக் கொட்டிலில் காஸ் அடுப்பு வைத்துச் சமைத்தார். மான் பிரட்டலுக்கு லூயிஷாமில் ஆட்கள் சொல்லிவைத்தார்கள். பழக்கப்போகிற வழியில் அண்ணை டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார், பார்சல் என்று சொல்லி. மகள் தாரகாவிடம் சிநேகிதிகள் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், மீன் என்று மட்டும் சொல்லிவந்தாள்.

மூன்றாம் வருடம் ஒரு புகார் நாளில் போன் துடிக்கவே இல்லை. அக்கா வெகுநேரம் மேலே காத்திருந்துவிட்டு, திரும்பும்போது கீழ்க்கடவைக்குப் போய்ப் பார்த்தார். சேற்றில் குளம்படி. விளிம்பு உடையவில்லை, உள்ளே தண்ணீர் ஊறவில்லை. ஒரு மந்தையே கடந்திருந்தது. காரில் ஏறினார்.

"இண்டைக்கு ஒண்டும் கடக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை."

புரொம்லியில் சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"பொய் சொல்லுறதெண்டால் மழை கொட்டுற நாளாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் அக்கா. "சேத்திலை அப்பிடியே கிடக்கு."

அண்ணை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காது கிழிஞ்சது முன்னுக்கு வந்தது" என்றார். "நான் அடிச்சிருந்தால் நீர் கீழை வந்திருப்பீர். ஒவ்வொருதரமும் அது தப்புமோ? அதை நான் போன வருசமும் பாத்தனான். அதுக்கு முதல் வருசமும்."

விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அண்ணை தானே ஓட்டும்போது அவருக்கு யாரும் ஹோர்ன் அடித்தது அதுவே முதல் தடவையாம்.

அடுத்த புதன்கிழமை அக்கா சட்டையை எடுக்கக் கொட்டிலுக்குப் போகுமுன் நின்று, காது கிழிந்ததைத் தான் சுடப்போவதில்லை என்றார். அது செத்தால் மற்றவை வழி தெரியாமல் சிதறிவிடும், பிறகு எதை எங்கே பார்ப்பது, அதனால்தான் என்றார்.

"அதுதான் காரணமோ?" என்று அண்ணை கேட்டார்.

"ஒரு காரணம் போதாதோ?" என்றார் அக்கா.

அதற்குப் பின் போன் தவறாமல் துடித்தது. அந்தக் கிழட்டுப் பிணை துவக்குக்கு முன்னால் எத்தனையோ தரம் கடந்து போனது. அக்கா அதை விட்டு, பின்னால் வரும் இளையவற்றில் ஒன்றைப் பார்த்து எடுப்பார். வருடத்துக்குச் சில, அவ்வளவே.

இரண்டாயிரத்து எட்டில் டெரெக் தோட்டத்தை மகனிடம் கொடுத்தார். மகன் சுற்றிவர உயரக் கம்பிவேலி அடித்தான். மிகவும் மரியாதையாக நன்றி சொன்னான், ஒரு பெட்டி ஆப்பிளும் கொடுத்தான். இனி வரத் தேவையில்லை.

அடுத்த வியாழன் இருவரும் பழக்கத்தில் விடியுமுன் எழும்பிவிட்டார்கள். சமையலறையில் தேநீரோடு எதிரெதிரே இருந்தார்கள். ஓர்பிங்டன் பக்கம் புதிதாக ஒரு பரீட்சைத் தெரு விட்டிருக்கிறார்களாம், பார்க்கவேணும் என்று அண்ணை சொன்னார். அக்கா சட்டையைப் போட்டார். சேர்ச் மதிலடியில் நின்று பார்த்தபோது, மந்தை பள்ளத்தாக்குக்கு மறுபக்கத்தில் கோல்ஃப் மைதானத்தில் நின்றது. வழுவழுவென்று வெட்டிய புல்லில் குளம்படி பதிந்திருக்க, மைதானம் பராமரிக்கிறவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா போய்ப் பேசினார். அவர் முதலில் சிரித்தார். பிறகு கையில் கிடந்த கையுறையைக் கழற்றி, போன் நம்பரைக் கேட்டார்.

நான் கடைசியாகக் கேட்டபோது அந்த மைதானக்காரர் இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஆட்டக்காரர் குறைவு என்பதால் மான்கள் அன்றுதான் வெளியே நெடுநேரம் நிற்கின்றன என்று அண்ணை கண்டுவைத்திருந்தார். அக்கா விடுமுறையைத் திங்களுக்கு மாற்றிக் கேட்டிருந்தார். திங்கள் தனக்கு விரதநாள் என்று அண்ணை சொன்னார். கார் ஓட விரதம் தடையில்லை என்று அக்கா சொன்னார். அண்ணை அதை மறுக்கவில்லை.